ஆலை மூடிய ஊரின் நினைவு: கோவைப் பஞ்சாலைகளும் அன்னூர்ப் பக்கத்து நூற்பாலைகளும்

நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி எழுந்த ஊர்கள், சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கள் தொழில்வாழ்வை எப்படி நினைவில் வைத்துக்கொள்கின்றன என்னும் கேள்வி, கடந்த அரை நூற்றாண்டில் ஐரோப்பிய வரலாற்றாய்வின் தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது. வழக்கொழிந்த தொழிற்கூடங்கள், இயந்திரங்கள், தொழிலாளர் குடியிருப்புகள், அவற்றைச் சுற்றி உருவான பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைக் கோயில்களையும் கோட்டைகளையும் போலவே பாதுகாக்கத்தக்க செல்வமாகக் கருதும் பார்வை ‘தொழில் மரபு’ எனப்படுகிறது. வேல்ஸ் நாட்டின் பிளேனாவொன் என்னும் ஊரில் 1980இல் மூடப்பட்ட ‘பிக் பிட்’ சுரங்கம், மூன்றே ஆண்டுகளில் பொதுமக்கள் இறங்கிப் பார்க்கும் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வருவோரை நிலத்தடிக்கு அழைத்துச் சென்று காட்டும் பணியில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே அமர்த்தப்பட்டனர். ஜெர்மனியின் ரூர் பகுதியில், எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இல் நின்று, 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்திலோ, 1871இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் பெருவிழா, அங்கே ஒரு சுரங்கமும் மிச்சமில்லாத இன்றும் ஜூலை மாதத்தில் நடந்துவருகிறது; சுரங்கம் இருந்த ஊர்கள் தத்தம் சங்கக் கொடியை உயர்த்திப் பிடித்து, இசைக்குழு முன்னே செல்ல, ஊர்வலமாக வருகின்றன.

இந்த எடுத்துக்காட்டுகளில் அரசின் பணமும் கட்டடக் கலைஞர்களின் திறமையும் உள்ளன என்றாலும், அவற்றுக்கு அடிப்படையாக இருந்தது வேறொன்று. சுரங்க ஊர் என்பது ஒரே வேலை, ஒரே சங்கம், ஒரே தெரு என்று இரண்டு மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த இடம். தந்தை இறங்கிய குழியில் மகனும் இறங்கினான். விபத்து நடந்தால் ஊர் முழுவதும் குழிவாயிலில் கூடிற்று. நினைவு கூர்வதற்கு முதலில் நினைவு கூர்பவர்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஜப்பானின் சிக்குஹோ நிலக்கரி வயலில் சிறுவயது முதலே உழைத்த யமமோட்டோ சகுபே, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலத்தில், தம் அறுபதுகளில் தூரிகையைக் கையில் எடுத்தார். இடுப்பளவு உயரமே உள்ள குகையில் கணவன் கரியை வெட்ட, மனைவி அதைக் கூடையில் இழுத்துச் செல்வது போன்ற காட்சிகளை, பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காக, ஓரத்தில் விளக்கங்களும் எழுதி அவர் வரைந்துவைத்தார். அந்த ஓவியங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அதே ஜப்பானில், 1974இல் மூடப்பட்ட ஹஷிமா தீவுச் சுரங்கம் 2015இல் உலக மரபுச் சின்னமானபோது, போர்க்காலத்தில் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் கதை எங்கே என்ற எதிர்ப்பு எழுந்தது. தொழில் மரபு என்பது எதைக் காப்பது என்பதோடு யாருடைய கதையைச் சொல்வது என்பதையும் சேர்ந்த விவகாரம் என்பதற்கு இவ்விரண்டும் ஒரே நாட்டுச் சான்றுகள்.

தமிழர்க்கு நெருக்கமான சுரங்க ஊர் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே கால்வைத்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெருவாரியாகத் தலித் குடும்பங்கள் குடியேறி, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை பாறையைத் துளைத்தன. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூருக்கு முன்பே எட்டிய அந்த ஊரில், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின் ஊரில் எஞ்சியவை சயனைடு கலந்த கழிவு மண்ணின் மலைகளும், விடியற்காலையில் வேலை தேடிப் பெங்களூருக்குக் கிளம்பும் இரயில்களும்தான். அண்மையில் வந்த திரைப்படங்கள் தங்கவயலின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றிருக்கின்றன. ஆனால் அவ்வூர் மக்களின் சொந்த நினைவு பௌத்தச் சங்கங்களிலும் தேவாலயங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும்தான் இன்னமும் தங்கியிருக்கிறது.

கொங்கு நாட்டில் நிலக்கரியும் இல்லை, தங்கவயலும் இல்லை. ஆனால் சுரங்க ஊர்கள் எதிர்கொண்ட அதே கேள்வியைக் கோயம்புத்தூர் தன் பஞ்சாலைகளை முன்வைத்து எதிர்கொள்கிறது. நகரின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் நிறுவினார். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் என்ற அதன் முழுப் பெயரை நகரம் சொன்னதேயில்லை, அது எப்போதும் ஸ்டேன்ஸ் மில்தான். 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். காளீஸ்வரா, ரங்கவிலாஸ், ராதாகிருஷ்ணா, பங்கஜா, கம்போடியா, முருகன் எனப் பல ஆலைகள் அடுத்த சில பத்தாண்டுகளில் எழுந்தன. சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வேரூன்றிய நீள இழைக் கம்போடியா பருத்தியும், அந்தப் பருத்தியை அரைவை செய்து விற்றுப் பொருளீட்டிய விவசாயக் குடும்பங்களின் முதலீடும் இந்த வளர்ச்சியின் வித்துகள். எனினும் அதை வெள்ளமாக்கியது 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து இறங்கிய நீர்மின்சாரம். நிலக்கரியை எரித்து நீராவியால் வளரத் தொடங்கிய மான்செஸ்டரையும் பம்பாயையும் போலன்றி, கோவையின் ஆலைகளில் பெரும்பாலானவை மலை நீரின் விசையால் ஓடின. கோவையைப் பற்றிப் பேசும்போது அதன் சிறுவாணி நீரையும் குளிர்காற்றையும் மட்டுமே பெருமையாகச் சொல்லும் வழக்கத்தில் இந்தச் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஆலைக்குள் பஞ்சு நூலாகும் வழியைத் தெரிந்துகொண்டால்தான் அங்கிருந்த வாழ்க்கை விளங்கும். அமுக்கிக் கட்டிய பொதிகள் முதலில் ‘புளோ ரூம்’ எனப்படும் கூடத்தில் பிரிக்கப்பட்டு, காற்றாலும் முள்ளுருளைகளாலும் உதறப்பட்டு, விதைத்துகளும் தூசியும் நீக்கப்படும். பிறகு ‘கார்டிங்’ எந்திரம் இழைகளைச் சீவி ஒரே திசையில் படுக்கவைக்கும். அடுத்தடுத்த எந்திரங்கள் அதை இழுத்து மெல்லியதாக்க, இறுதியில் நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாகச் சுழலும் ‘ஸ்பின்னிங்’ பிரிவில் முறுக்கேறி நூலாகும். அங்கே ஒரு தொழிலாளியின் வேலை, தன் பொறுப்பில் உள்ள வரிசையில் இடைவிடாமல் நடந்து, அறுந்த இழையைச் சுழலும் கதிரிலேயே விரலால் ஒட்டுவது. நூல் நிரம்பிய குழல்களைக் கழற்றி வெற்றுக் குழல்களை மாட்டுவோர் ‘டாஃபர்’கள். நிரந்தர வேலை கிடைக்காமல், யாராவது வராத நாளுக்காக வாயிலில் காத்திருப்பவர் ‘பதிலி’. ஷிப்டு மாறும் நேரத்தை அறிவித்தது ஆலைச் சங்கு. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று நாளைப் பகுத்த அந்தச் சங்கின்படியே சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், பீளமேடு, புலியகுளம் ஆகிய பகுதிகளில் அடுப்பெரிந்தது, தேநீர்க் கடைகள் திறந்தன. வேல்ஸின் சுரங்க ஊருக்கும் இப்பகுதிகளுக்கும் இருந்த ஒற்றுமை இதில்தான்: வேலையின் நேரமே ஊரின் நேரமாக இருந்தது.

இந்த ஊர்களில் நினைவு தானாக உருவாகிவிடவில்லை, போராட்டத்தால் உருவாயிற்று. என்.ஜி. ராமசாமி 1930களில் ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி, சிறைவாசங்களைக் கண்டு, 1943இல் இளம் வயதிலேயே மறைந்தார். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் நடந்த ரங்கவிலாஸ் ஆலை நிகழ்ச்சிகள் கோவைத் தொழிலாளர் வரலாற்றின் ஆழ்ந்த தழும்பு. ஆலை வட்டாரத்தில் அடியாள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன், சின்னையன் ஆகிய நான்கு தொழிலாளர்கள் தூக்குத் தண்டனை பெற்று, 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நால்வரின் உடல்களும் சின்னியம்பாளையத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. ஆண்டுதோறும் அந்நாளில் செங்கொடி ஏந்தியவர்கள் அங்கே கூடுகிறார்கள். டர்ஹாம் பெருவிழாவுக்கு இணையான ஒன்றைக் கோவையில் தேடுவோர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அளவில் சிறியதாயினும், அருங்காட்சியகத்தின் துணையின்றி, அரசு விடுமுறையின்றி, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக மக்களே நடத்திவரும் நினைவு நாள் அது.

ஆலைகளின் வீழ்ச்சி சுரங்க மூடலைப் போல ஒரே நாளில் நிகழவில்லை. பழைய எந்திரங்களை மாற்றாமை, மின்வெட்டு, பருத்தி விலையின் ஏற்ற இறக்கம், செயற்கை இழையின் வரவு, ஊதிய உயர்வைத் தவிர்க்க விரும்பிய முதலாளிகள் சிற்றூர்களில் புதிய ஆலைகளைத் திறந்தது என்று காரணங்கள் பல. நலிவுற்ற ஆலைகளை மீட்பதற்காக 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் அமைக்கப்பட்டு, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் 103 ஆலைகள் நாட்டுடைமையாயின. ஸ்டேன்ஸ், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் ஆகியவை கோவையில் அக்கழகத்தின்கீழ் இயங்கிய ஐந்து. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்துக்காக நிறுத்தப்பட்ட அவற்றின் எந்திரங்கள் அதன் பிறகு முழு அளவில் ஓடவேயில்லை. மூடுவதாக ஓர் அறிவிப்பு, கடைசி ஷிப்டு, கடைசிச் சங்கு என்று எதுவும் இல்லாமல், கதவடைப்பா தற்காலிக நிறுத்தமா என்பது தெளியாமலே தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாயிலில் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தனர். துக்கம் அனுசரிக்கவும் ஒரு நாள் வேண்டும். ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடப்பட்டபோது, கடைசிக் கரித்துண்டைத் தொழிலாளர்கள் நாட்டின் அதிபர் கையில் கொடுத்து விடைபெற்றனர். கோவையின் ஆலைத் தொழிலாளர்க்கு அப்படியொரு நாள் வாய்க்கவில்லை என்பது சிறிய இழப்பன்று.

நகரில் ஆலைகளின் தடயம் இல்லாமல் இல்லை. லட்சுமி மில், பங்கஜா மில் ரோடு என்று பேருந்து நிறுத்தங்களாகவும் தெருக்களாகவும் அவை இன்றும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றன. ஆலை லாபத்திலிருந்து பிறந்த பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள், ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, நூற்பு ஆய்வுக்காக ஆலைகள் கூடி 1956இல் உருவாக்கிய சிட்ரா ஆகியவை நகரின் முதுகெலும்பாக நிற்கின்றன. சிட்ராவின் முதல் இயக்குநரான கஸ்தூரி சீனிவாசன் உருவாக்கிய கலைக்கூடத்தில் ஒரு நெசவு அருங்காட்சியகமும் உண்டு. லட்சுமி மில் வளாகம் அண்மைக் காலத்தில் கடைகளும் உணவகங்களும் கொண்ட வணிக மையமாக மாறியிருக்கிறது. இவை அனைத்தும் மதிக்கத்தக்கவை. ஆனால் இவற்றில் பெயராகவும் சிலையாகவும் படமாகவும் நிலைபெற்றிருப்பவர்கள் ஆலையைக் கட்டியவர்கள். அதை ஓட்டியவர்களைக் காண்பது அரிது. கோவையின் தொழில் வரலாறு என்ற பெயரில் வெளிவருவது பெரும்பாலும் சில குடும்பங்களின் முயற்சி வரலாறாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். பம்பாயில் 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் சிதைந்து, அவற்றின் நிலங்கள் கோபுரக் குடியிருப்புகளாக மாறியபோது, நீரா அடார்க்கரும் மீனா மேனனும் நூறு தொழிலாளர்களின் குரல்களைத் திரட்டி 2004இல் நூலாக்கினர். பங்கேற்றவர்களின் நினைவை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்யும் இம்முறை ‘வாய்மொழி வரலாறு’ எனப்படும். அதற்கு ஈடான ஒரு பெரும் தொகுப்பைக் கோவை இன்னும் கோரி நிற்கிறது. முழு நைட்டு பார்த்த தலைமுறை எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருப்பதால் அதற்கான காலம் குறுகியது.

தொழிலாளர் நினைவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றால், முதலில் அவர்களின் நுரையீரலில். புளோ ரூம், கார்டிங் பிரிவுகளின் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வரும் நோய் ‘பிஸினோசிஸ்’ எனப்படும். அதன் தொடக்க அடையாளம் விசித்திரமானது: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், அடுத்தடுத்த நாள்களில் தளரும், காலப்போக்கில் எல்லா நாளும் அந்த இறுக்கமாகி, மூச்சே நிரந்தரமாகக் குறைந்துவிடும். சுரங்கத் தொழிலாளரின் கரி நுரையீரல் நோய்க்கு உடன்பிறப்பு போன்ற இந்நோய், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் புகைப்பழக்கத்தால் வந்தது, வயதால் வந்தது, ஆஸ்துமா என்றே வீடுகளில் இது பேசப்படுகிறது. பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கு நீதிமன்றம் வழியாகப் பெருந்தொகை இழப்பீடு பெறப்பட்டபோது, அந்த வழக்குகளுக்காகத் திரட்டப்பட்ட மருத்துவச் சான்றுகளே சுரங்க வாழ்வின் ஆவணமாகவும் ஆயின. நோயை நோயென்று பதிவுசெய்யாத இடத்தில் அந்த ஆவணமும் உருவாவதில்லை.

கோவையின் நினைவுச் சிக்கலுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது நகரத்திலிருந்து சத்தியமங்கலம் சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், அன்னூரில் தொடங்குகிறது. மூடப்பட்ட சுரங்க ஊர்களில் தொழிலே ஒழிந்துபோயிற்று. கொங்கு நாட்டிலோ நூற்புத் தொழில் ஒழியவில்லை, இடம் பெயர்ந்தது. அன்னூர், அவிநாசி, பல்லடம், உடுமலை என்று வானம் பார்த்த சிற்றூர்களின் நடுவே, சாலையோரத்து நீண்ட மதில்களுக்குள் புதிய ஆலைகள் எழுந்தன. இயந்திரம் புதியது, தூசி குறைவு, ஒருவர் கவனிக்க வேண்டிய கதிர்களோ பன்மடங்கு. முற்றிலும் மாறியது வேலையாட்களை அமர்த்தும் முறை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியிருந்ததால், மூன்று ஷிப்டு முறை பரவிய நகர ஆலைகள் ஆண்களையே நாடின. அந்த விதியை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், உரிய பாதுகாப்புகளை நிபந்தனையாக்கி, செல்லாதென அறிவித்தது. அதையொட்டிய காலத்தில் பரவியது ‘சுமங்கலித் திட்டம்’: பதின்பருவப் பெண்கள் பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. இடையில் விலகினால் அத்தொகை கிடைப்பது அரிது என்பதாலும், வெளியே செல்வதற்கும் பேசுவதற்கும் இருந்த கட்டுப்பாடுகளாலும் இத்திட்டம் கடும் கண்டனத்துக்கும் நீதிமன்ற விசாரணைக்கும் உள்ளாயிற்று. அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். 1916 முதல் நிலத்தடியில் தீ எரிந்துகொண்டிருக்கும் ஜாரியா நிலக்கரி வயலைத் தன்னகத்தே கொண்ட ஜார்க்கண்டின் பிள்ளைகள் கொங்கு நாட்டில் நூல் நூற்கிறார்கள் என்பது, இந்த இரு தொழில்களின் வரலாறும் தனித்தனியானவை அல்ல என்பதைக் காட்டுகிறது.

மூன்றாண்டு விடுதியில் வாழ்ந்து சேலத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ திரும்பிய பெண்ணும், ஓரிரு ஆண்டுகளில் ராஞ்சிக்குத் திரும்பும் இளைஞனும் அன்னூரில் ஒரு தெருவை உருவாக்குவதில்லை. அவர்களுக்குச் சங்கக் கட்டடம் இல்லை. சேர்ந்து கொண்டாடும் போனஸ் தீபாவளி இல்லை. இறந்தவரைப் புதைக்கும் பொது இடம் இல்லை. தேநீர்க் கடைக்கு வரவும் அவர்களுக்கு அனுமதி வேண்டும். இந்த ஆலைகள் நாளை மூடப்பட்டால், அவற்றின் கடந்த காலத்தை வைத்திருக்கப்போகிற ஊர் எது? மதிலுக்கு வெளியே இருக்கும் ஊருக்கு உள்ளே நடந்தது தெரியாது; உள்ளே இருந்தவர்கள் நான்கைந்து மாநிலங்களில் சிதறியிருப்பார்கள். நகரத்து ஆலைகளின் நினைவு புறக்கணிக்கப்படுகிறது என்றால், அன்னூர்ப் பக்கத்து ஆலைகளின் நினைவு உருவாகவே விடப்படவில்லை. தொழில் மரபைப் பற்றிய உலகளாவிய விவாதங்கள் பெரும்பாலும் முதல் நிலைமையையே கருதுகின்றன. இரண்டாவதற்கு அவற்றில் சொல்லே இல்லை.

பழைய ஆலை வாழ்வைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் பிழையாகும். நிரந்தர வேலை பெரும்பாலும் உறவினர், சாதியினர் வழியாகவே கைமாறிற்று. தொடக்கத்தில் நூல் சுற்றும் பிரிவுகளில் கணிசமாக இருந்த பெண்கள் பின்னர் வெளியேற்றப்பட்டபோது சங்கங்கள் போதிய எதிர்ப்புக் காட்டவில்லை. அன்னூர் வட்டார உழவர்களின் பார்வையும் இதில் சேர வேண்டும். 2021 முதல், அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 3,800 ஏக்கரில் தொழிற்பூங்கா அமைக்கும், தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவின் திட்டத்தை அவர்கள் எதிர்த்துப் போராடினர். உழவர்களின் விருப்பமின்றி நிலம் எடுக்கப்படாது என்று அரசு பின்னர் அறிவித்தது. தொழில் வந்தால் ஊர் வளரும் என்ற வாக்குறுதியை அவர்கள் ஐயத்தோடு பார்த்ததற்கு, கண்ணெதிரே இருந்த மதில் சூழ்ந்த ஆலைகளும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஊருக்குள் வந்தும் ஊரோடு சேராத தொழிலை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள்.

உடனடியாகக் காப்பாற்ற வேண்டியது கட்டடத்தைவிடக் காகிதம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி ஒவ்வோர் ஆலையும் தொழிலாளர் பதிவேட்டைப் பராமரித்தாக வேண்டியிருந்தது: பெயர், வேலையின் தன்மை, பிரிவு, ஷிப்டு ஆகியவை அதில் இருக்கும். வருகைப் பதிவு, ஊதியப் பதிவு, விபத்துப் பதிவு, வைப்புநிதிக் கணக்கு ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால், எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எத்தனை ஆண்டு பதிலியாக நின்றார், எந்த ஆண்டு பெண்களின் பெயர்கள் குறையத் தொடங்கின, கார்டிங் பிரிவில் மருத்துவ விடுப்பு எவ்வளவு என்பதையெல்லாம் இவை சொல்லும். கோவையின் ஐந்து தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் இத்தகைய பதிவேடுகள், நடுவண் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கழகத்துக்கு உரியவை என்ற அளவில், 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன; அச்சட்டப்படி உரிய மதிப்பீடு இன்றி அவற்றை அழிக்க முடியாது. நிலத்தின் விலை பேசப்படும்போதும், எந்திரங்கள் பழைய இரும்பாக எடைக்குப் போகும்போதும் அலுவலக அறையின் அலமாரிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவற்றை முறையாகப் பட்டியலிட்டு ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ மாற்றும் பணியைத் தொழிற்சங்கங்களும் வரலாற்றுத் துறைகளும் ஆலைகள் விற்கப்படும் முன்பே கேட்டுப் பெற வேண்டும். அன்னூர்ப் பக்கத்துத் தனியார் ஆலைகளின் விடுதிப் பதிவேடுகளுக்கோ இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அங்கே உழைத்துத் திரும்பிய பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் வீட்டிலேயே அமர்ந்து கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.